தெம்பில்லாத நாளில் தண்டால்



உடற்பயிற்சியைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தெம்பாக இருப்பவர்களைப் பார்த்தே பேசுகிறார்கள். இன்னும் பத்து எடு, விடாதே, மனசு வைத்தால் முடியும் என்கிறார்கள். நான் பேச வந்திருப்பது முடியாதவர்களிடம். காலையில் எழும்போதே உடம்பு அடித்துப் போட்டது போல இருப்பவர்கள், ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர்கள், யாரோ சொன்னார்களே என்று தண்டால் எடுக்கப் போய் மூன்றாவதிலேயே கை நடுங்கிப் படுத்துவிட்டு, 'நமக்கு இதெல்லாம் ஆகாது' என்று பாயைச் சுருட்டி வைத்தவர்கள். இந்த அரங்கில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது திருப்பூரில் எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடியில் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் பயிற்சி சொல்லித் தருகிறேன். கருவி எதுவும் கிடையாது. தண்டால், பஸ்கி, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சாய்ந்து இழுப்பது, இவ்வளவுதான். தன் உடம்பின் எடையே எடை. பள்ளி மைதானத்திலும் சரி, மாடியிலும் சரி, நான் அதிகம் கேட்ட வாக்கியம் "இன்னிக்கு முடியலீங்க டீச்சர்" என்பது. அந்த வாக்கியத்தை நம்ப வேண்டும் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. நம்பி, ஏன் முடியவில்லை என்று விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டு, இன்றைய உடம்புக்கு ஏற்றபடி பயிற்சியை இறக்கிச் செய்ய வேண்டும். சோர்வைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிற பயிற்சியாளரை நான் ஏற்பதில்லை. சோர்வு வந்ததும் பயிற்சியையே கைவிடுவதையும் ஏற்பதில்லை.

விசாரணை சாப்பாட்டில் தொடங்குகிறது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும்போது பெண் பிள்ளைகள் மயங்கி விழுவது ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்த காட்சி. தூக்கி உட்கார வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால், "இல்ல டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு" என்று பதில் வரும். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் மனதாரக் கைதட்டினேன். ஆனால் அது 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளையின் வயிறு நிறைந்துவிடுவதில்லை. வயதுக்கு வந்து, மாதாமாதம் ரத்தம் இழந்து, உயரமும் கூடிக்கொண்டிருக்கிற அந்தப் பருவத்தில்தான் சோறு அதிகம் வேண்டும். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதில் எந்தப் பயிற்சியும் இல்லை.

பெரியவர்கள் கதை வேறு. சாப்பாடு இருந்தும் குறைத்துச் சாப்பிடுகிறார்கள். 1,200 கலோரி என்று அச்சடித்த டயட் சார்ட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டு, பயிற்சியும் செய்துகொண்டு, 'ஏன் டீச்சர் பலமே ஏறலை?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் மின்னசோட்டா ஆய்வைச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை மீட்பது எப்படி என்று அறிவதற்காக, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் நடத்திய ஆய்வு அது. போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். எல்லாரும் திடகாத்திரமானவர்கள், மன உறுதிக்காகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி மட்டும் தரப்பட்டது. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். உடல் எடையில் கால் பங்கு போயிற்று. பலம் போயிற்று. குளிர் தாங்கவில்லை, எரிச்சல் வந்தது, எதிலும் நாட்டமில்லை, நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. கொள்கைக்காகச் சிறைக்கும் அஞ்சாத ஆட்கள் அவர்கள். அவர்களுக்கே அந்த நிலை. பெண்களின் தேவை இளைஞர்களின் தேவையைவிடக் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரை வயிறு உணவில் பலம் வளராததற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

வயிறு நிறைந்தாலும் புரதம் குறைகிற சாப்பாடு நம்முடையது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். பலப் பயிற்சி செய்பவருக்கு அதற்கு மேலும் வேண்டும். இப்போது நம் தட்டைப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசம் சோறும் பொரியலும், சாயங்காலம் டீயும் வர்க்கியும், ராத்திரி மறுபடி தோசை. இதில் 50 கிராம் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் ஏறக்குறைய 10 கிராம். பவுடர் டப்பா வாங்க வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. தினமும் ஒரு சுண்டல், சாம்பாரில் தெளிவை மட்டும் ஊற்றாமல் அடியிலுள்ள பருப்பையும் கரண்டியில் எடுத்துப் போட்டுக்கொள்வது, சாப்பிடுகிறவர்களுக்கு முட்டை, மீன். வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத் தின்கிற பெண்களிடம்தான் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குழம்புச் சட்டியில் கடைசியில் மீன் துண்டு இருப்பதில்லை, எனக்குத் தெரியும். முதலிலேயே உங்களுக்கென்று ஒன்றை எடுத்து வையுங்கள்.

அடுத்தது ரத்தம். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் அம்மா, அக்கா, மகள், பக்கத்து வீட்டுக்காரர் என எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு எவ்வளவு பெரியது என்று தெரியும். தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது பெண்ணுக்கு 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமும், ஆணுக்கு 13 கிராமும் இருக்க வேண்டும். 8, 9 என்று இருக்கிற பெண்ணிடம் போய், "பஸ்கி இன்னும் பத்து போடு" என்றால் அவளுக்கு இதயம் படபடக்கும், கண் இருட்டும், அவள் தன்னையே நொந்துகொள்வாள். அவள் தசை என்ன செய்யும் பாவம்? வர வேண்டியது வரவில்லை.

ரத்தசோகை என்றதும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று ஆரம்பிப்போம். நல்லதுதான், சாப்பிடுங்கள். ஆனால் கீரையிலுள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பகுதிதான். ஏற்கெனவே குறைந்துபோன ரத்தத்தைக் கீரையால் மட்டும் தூக்கிவிட முடியாது, மாத்திரை வேண்டும். பள்ளிகளில் வாரம் ஒருமுறை வளரிளம் பிள்ளைகளுக்கு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எத்தனை பிள்ளைகள் அதை வாயில் அடக்கிவைத்து வெளியே துப்புகிறார்கள் என்பதையும் ஆசிரியர்கள் அறிவோம். வயிற்றைப் புரட்டும், மலச்சிக்கல் வரும், மலம் கறுப்பாகப் போகும். கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்கள் பலர். அது மாத்திரையிலுள்ள இரும்பால் வரும் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் சேர்த்து டீ, காபி குடிக்காதீர்கள், இரும்பை உடம்பில் சேர விடாது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். உடம்பின் இருப்பு நிறைய இன்னும் சில மாதங்கள் ஆகும், டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை தொடருங்கள். மாதவிடாயில் அதிகமாகப் போகிறது என்றால் அதை 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று மூடி வைக்காமல் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டை அங்கே இருந்தால் மாத்திரை எவ்வளவு போட்டும் பயனில்லை. ஆண்களுக்கும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கும் ரத்தசோகை இருந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

தைராய்டு குறைவு, சர்க்கரை, பி12, வைட்டமின் டி ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். கொழுப்புக்கான மாத்திரை சிலருக்குத் தசைவலி தரும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் பயிற்சியின்போது கை நடுங்கி, வியர்த்துக் கொட்டினால் அது சாதாரணக் களைப்பாக இல்லாமல் சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். பாக்கெட்டில் மிட்டாயோ குளுக்கோஸோ வைத்துக்கொண்டுதான் அவர்கள் மாடி ஏற வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. அசதியாக இருக்கிறது என்று டாக்டரிடம் போய், "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க" என்று கேட்பது. அந்த 500 மில்லி, 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு டீஸ்பூன். கலோரியில் பார்த்தால் இரண்டு இட்லிக்கு மேல் தேறாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, வாயால் எதுவும் இறங்காத காய்ச்சல் ஆகியவற்றில் பாட்டில் உயிர் காக்கும், அதில் சந்தேகமில்லை. மாதக்கணக்கான அசதிக்கு அது மருந்தாகாது. அந்தப் பணத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சரி, பரிசோதனை முடிந்தது, சாப்பாடும் திருந்தியது, மாத்திரையும் ஓடுகிறது. பலம் ஒரே நாளில் வந்துவிடாது. அந்த இடைக்காலத்தில் பயிற்சி என்ன ஆவது? இரும்பு எடை தூக்குபவர் தெம்பில்லாத நாளில் ஒரு தட்டைக் கழற்றி வைத்துவிடுவார். உடம்பையே எடையாக வைத்திருப்பவர் எதைக் கழற்றுவது என்று கேட்கிறார்கள். கோணத்தைக் கழற்றலாம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் தண்டாலின் பல வகைகளில் கைகள் தாங்கும் எடையை அளந்தார்கள். தரையில் எடுக்கும் சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் 64 சதவீதம் கைக்கு வருகிறது. முட்டி ஊன்றினால் 49. கைகளை ஓர் அடி உயரப் படிக்கட்டில் வைத்தால் 55. இரண்டடி உயரத்தில் வைத்தால் 41. 60 கிலோ உள்ள பெண்ணுக்குக் கணக்குப் போட்டால், தரையில் 38 கிலோ, இரண்டடி உயரத் திண்ணையில் 25 கிலோ. கை இருக்கும் இடத்தை மாற்றியதால் மட்டுமே 13 கிலோ குறைந்துவிட்டது. சமையல் மேடை இன்னும் உயரம், இன்னும் லேசு. சுவர் எல்லாவற்றையும்விட லேசு. ஆக, உங்கள் வீட்டில் சுவர், மேடை, கட்டில், படிக்கட்டு, தரை என்று ஐந்து எடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. முட்டியை ஊன்றுவதைவிட உயரத்தைக் கூட்டுவதையே நான் விரும்புகிறேன். தலை முதல் குதிகால் வரை உடம்பு ஒரே நேராக நிற்கப் பழகுகிறது. வயிறும் இடுப்பும் வேலை செய்கின்றன.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் அம்மா. பல நாள் ஒன்றரை ஷிப்ட். மாடிக்கு வந்தபோது அவர் முதலில் கேட்டது, "உக்காந்துக்கட்டுங்களா டீச்சர்?" என்றுதான். உட்காரச் சொன்னேன். பிறகு சமையல் மேடை உயரமுள்ள கைப்பிடிச் சுவருக்கு அழைத்துப் போனேன். உள்ளங்கைகளை மார்புக்கு நேராக, தோளைவிடச் சற்று அகலமாக வைக்கச் சொல்லி, காலை ஒவ்வோர் அடியாகப் பின்னால் எடுக்கச் சொன்னேன். அவர் வழக்கமாக எல்லாரும் செய்வதைச் செய்தார்: தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, இடுப்பைத் தொங்கவிட்டு இறங்கினார். நிறுத்தி, தோளைக் கீழே இறக்கி, முழங்கையை விலாவை நோக்கிச் சற்று மடக்கி, இறங்கும்போது மூச்சை இழுத்து, தள்ளும்போது வாயால் ஊதச் சொன்னேன். மூச்சை அடக்கித் தள்ளினால் ரத்த அழுத்தம் எகிறும். தலை சுற்றுவதற்கும் பல நேரம் அதுவே காரணம். நான்காவது முறை கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. "போதுங்க" என்றேன். "நாலுதானுங்களே ஆச்சு?" என்றார். நாலு போதும் என்று உட்கார வைத்து, மூன்று நிமிடம் கழித்து மறுபடி நாலு. அன்றைக்கு அவ்வளவுதான் தண்டால். அடுத்து நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டி, அதில் உட்கார்ந்து எழுவது. முட்டி வலிக்காத உயரம் எதுவோ அதிலிருந்து தொடக்கம். சில வாரங்களில் ஒரு தலையணை போயிற்று, பிறகு இன்னொன்றும் போயிற்று. அவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது, மாத்திரையும் கூடவே ஓடியது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் நடக்க வேண்டும் என்பதே என் அனுபவம்.

அந்த மூன்று நிமிட ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை. வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் 15 விநாடி, 20 விநாடி ஓய்வில் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். தசை ஒரு சில விநாடிகள் முழு மூச்சாக வேலை செய்ய எடுத்துக்கொள்வது, தனக்குள்ளேயே இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பை. அது பத்து விநாடிகளுக்குள் வெகுவாகக் கரைந்துபோகும். பெரும்பாலும் நிரம்பிவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த சுற்று தொடங்கினால் பலம் வளர்வதற்குப் பதிலாக இரைப்புதான் வளரும். தெம்பு குறைந்தவர்கள் ஓய்வைச் சுருக்கவே கூடாது. ஓய்வில் உட்கார்ந்திருப்பது பயிற்சியின் ஒரு பகுதி என்று என் மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

எத்தனை எடுப்பது? கை கால் ஓய்ந்து விழும்வரை எடுப்பது வேண்டாம். 'இன்னும் இரண்டு மூன்று எடுக்க முடியும்' என்று தோன்றும்போது நிறுத்துங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர், ஒருவர் தன் உழைப்பின் கடுமையைத் தானே மதிப்பிட்டுச் சொல்லும் அளவுகோலை உருவாக்கினார். உலகமெங்கும் மருத்துவமனைகளில் இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதை எளிமையாக்கி, பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு கஷ்டம் என்று கேளுங்கள். நல்ல நாளில் ஏழு, எட்டுவரை போகலாம். தெம்பில்லாத நாளில் ஐந்தோடு நிறுத்துங்கள். நேற்று சுவரில் பத்து எடுத்தது மூன்று மார்க் என்றால், இன்று அதே பத்து ஆறு மார்க் ஆகலாம். சுவரும் மாறவில்லை, எடையும் மாறவில்லை, உடம்பு மாறியிருக்கிறது. பெரும்பாலும் ராத்திரித் தூக்கம் போயிருக்கும். தூக்கம் குறைந்தால் அதே வேலை அதிகக் கஷ்டமாகத் தெரியும். அதைக் காபி குடித்து மறைக்கப் பார்ப்பார்கள். சாயங்காலம் குடித்த காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும், அன்றைய தூக்கத்தையும் அது கெடுக்கும்.

தெம்பில்லாத நாளுக்கென்று நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வழக்கமான சுற்றுகளில் பாதி, ஒரு படி லேசான கோணம். முதல் சுற்றுக்குப் பிறகு உடம்பைக் கேளுங்கள். உடம்பு சூடாகித் தெம்பு வருவது உண்டு, அப்போது தொடருங்கள். முதல் சுற்றைவிட இரண்டாவது மோசமாக இருந்தால் பாயைச் சுருட்டிவிட்டுப் போய்ப் படுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் விட்டாலும் சேர்த்த பலம் பெரிதாகக் குறைவதில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் உப்புப் போட்ட நீர்மோர் குடித்து, அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலையில் வெறும் வயிற்றில் செய்து தலை சுற்றுகிறவர்கள் ஒரு வாழைப்பழம் தின்றுவிட்டுச் செய்து பாருங்கள்.

பயில்வான்களின் கணக்கைச் சொல்லி இளைஞர்கள் என்னோடு வாதாடுவது உண்டு. காமா பயில்வான் தினமும் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தாராமே என்பார்கள். அந்தக் கதையில் பாலும் பாதாமும் இறைச்சியும் அரசர்களின் ஆதரவும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து படிப்படியாக ஏறிய ஆண்டுகள் இருக்கின்றன. எண்ணிக்கையை மட்டும் பிய்த்து எடுத்து நம் உடம்பில் ஒட்ட முடியாது.

எண்ணிக்கை என்றதும் எனக்குக் கோபம் வரும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை நூறு தோப்புக்கரணம் போடச் சொல்வது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், உடம்பைப் பாருங்கள். பழக்கமில்லாத தொடைத்தசை திடீரென்று நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுந்தால், தசைநார்கள் உடைந்து அவற்றிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தாங்க முடியாத வலி, வீக்கம், டிகாஷன் நிறத்தில் சிறுநீர் என்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போட்டிக்காகவும் சவாலுக்காகவும் பெரியவர்களும் இப்படிச் செய்துகொள்கிறார்கள். அதோடு, சிறு வயதில் பயிற்சியைத் தண்டனையாக அறிந்த பிள்ளை நாற்பது வயதில் அதை விரும்பி எப்படிச் செய்யும்? பஸ்கி போடுங்கள் என்றதும் முகம் சுருங்குகிற பெண்களை நான் மாடியில் பார்க்கிறேன்.

வயதாகிவிட்டது, இனி எங்கே பலம் என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் இல்லத்தில் இருந்த, தளர்ந்துபோன பத்துப் பேர், சராசரி வயது 90. எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள், லேசாக அல்ல, நல்ல கனமாகவே. முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆனால் தொடைத்தசையின் அளவு கூடியது 9 சதவீதம்தான். தசை அவ்வளவு பெருக்காமலே பலம் அவ்வளவு ஏறியதற்கு நரம்புகளே பெருங்காரணம்: இருக்கிற தசையை முழுமையாக வேலை வாங்க மூளையும் நரம்பும் கற்றுக்கொண்டன. பலவீனமானவர்கள் தொடக்கத்தில் வேகமாக முன்னேறுவது இதனால்தான். ஒன்றைக் கவனியுங்கள், அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில், அளந்து ஏற்றப்பட்ட எடையில் செய்தார்கள்.

கடைசியாக, பயிற்சியை நிறுத்த வேண்டிய சோர்வைப் பற்றி. காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத்தசையையும் தொடும். டெங்கு, சிக்குன்குன்யா வந்து போனவர்களுக்கு வாரக்கணக்கில் அசதி இருக்கும். முதலில் வீட்டுக்குள் நடை, பிறகு தெருவில் நடை, அதன் பிறகு சுவர். படியேறும்போது நெஞ்சு அழுத்தம், படபடப்பு, மயக்கம் வந்தால் இதயத்தைப் பரிசோதிக்காமல் மாடிக்கு வராதீர்கள்.

இன்னொரு வகைச் சோர்வு உண்டு. ஓரளவு வேலை செய்தாலே அன்றோ, ஓரிரு நாள் கழித்தோ உடம்பு மொத்தமாகச் சரிந்து, நாள்கணக்கில் படுக்கையில் தள்ளும். தூங்கி எழுந்தாலும் களைப்பு தீராது. எம்.ஈ., நாட்பட்ட களைப்பு நோய் என்கிறார்கள். வைரஸ் நோய்களுக்குப் பின், கோவிட்டுக்குப் பின்னும், சிலருக்கு வருகிறது. இவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயிற்சியைக் கூட்டினால் சரியாகும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2007-இல் அப்படித்தான் பரிந்துரைத்தது. 2021-இல் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றது. நோயாளிகள், செய்யச் செய்ய மோசமாகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், நான் இதுவரை சொன்ன எந்தப் பயிற்சியையும் அவர் மேல் திணிக்காதீர்கள். இருக்கிற சக்திக்குள் நாளை அமைத்துக்கொள்ள அவருக்கு உதவுங்கள், வீட்டு வேலையை வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். முன் வரிசையில் கைப்பிடி இல்லாத நாற்காலிகளைச் சுவரை ஒட்டிப் போட்டிருக்கிறோம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். 60 முதல் 64 வயதுவரை உள்ள பெண்களுக்கு 12-க்குக் கீழேயும், ஆண்களுக்கு 14-க்குக் கீழேயும் வந்தால் கால் பலம் குறைவு என்று பொருள். முட்டியில் வலி உள்ளவர்கள், மதியம் சாப்பிடாமல் வந்தவர்கள், இன்றைக்கு முடியவில்லை என்று தோன்றுகிறவர்கள் உட்கார்ந்திருங்கள், உங்களிடம் நான் வருகிறேன். மற்றவர்கள் வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நாற்காலிக்கு ஒருவராக.